கைப்பழக்கம் எங்கே குடியிருக்கிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், பக்கவாதம் கண்டவர்களுக்கு இயன்முறை சிகிச்சை அளித்து வரும் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாலை வேளையில் கடைக்குப் போய் ஒரு தே தாரிக் கேட்டிருப்பீர்கள். அதை ஆற்றுகிறவரைச் சற்று நின்று கவனித்ததுண்டா? ஒரு கை தலைக்கு மேலே போகிறது. இன்னொரு கை இடுப்புக்குக் கீழே இறங்குகிறது. நடுவில் தேநீர் ஒரு கயிறு போல நீள்கிறது. ஒரு சொட்டு கீழே சிந்துவதில்லை. அதே நேரத்தில் அவர் வாய், பக்கத்தில் நிற்பவரோடு நேற்றைய பந்து விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. "எப்படி அண்ணே செய்றீங்க?" என்று கேட்டால், "எல்லாம் பழக்கம்தாங்க" என்பார். அதற்கு மேல் அவராலும் விளக்க முடியாது.

நம் பாட்டிமார் இதற்குக் 'கைப்பழக்கம்' என்று பெயர் வைத்தார்கள். அழகான சொல்தான். ஆனால், அந்தப் பழக்கம் உண்மையிலேயே கையில்தான் இருக்கிறதா? அது எப்படி உருவாகிறது, எப்படி நிலைக்கிறது, தொலைந்துவிட்டால் மீண்டும் வருமா? இந்தக் கேள்விகளைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இதைத் தொழிலாகக் கற்றவள் நான். ஆனால், பாடம் உறைத்தது என் சொந்த வீட்டில்.

கைக்கு ஒன்றும் ஆகவில்லை

என் தந்தையார் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், இருட்டு விலகும் முன்பே மரத்தடியில் நிற்பார். பால் வெட்டுவது எளிதான வேலை அன்று. பட்டையை ஒரு மெல்லிய இழையாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் மரத்தில் காயம் பட்டுவிடும். "எவ்வளவு ஆழம்னு எப்படிப்பா தெரியும்?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அது கைக்குத் தெரியும்மா" என்பார்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில், ஒரு காலைப் பொழுதில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. மருத்துவமனையில் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துப் பார்த்தேன். எலும்பு நன்றாக இருந்தது. தசை நன்றாக இருந்தது. காய்த்துப் போன உள்ளங்கையும் அப்படியே இருந்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூளையின் இடப்பக்கத்தில் ஒரு பகுதிக்குச் சிறிது நேரம் இரத்தம் போகாமல் நின்றுவிட்டது. அவ்வளவுதான். முப்பது ஆண்டுப் பழக்கம் எங்கே குடியிருந்தது என்பது அன்று எனக்கு மிகத் தெளிவாக விளங்கியது.

நினைவு இழந்தவர் கற்றுக்கொண்ட வேலை

மூளைக்குள் எல்லா நினைவுகளும் ஒரே இடத்தில் சேமிக்கப்படுவதில்லை. இதை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலாய்சன் என்பவர். கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்ட அவருக்கு 1953-ஆம் ஆண்டு, 27 வயதில், மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் எனும் பகுதியின் பெரும்பாகத்தை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால், அதன் பிறகு நடந்த எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால், புதியவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரிலிருந்து பிரெண்டா மில்னர் எனும் உளவியல் அறிஞர் அவரைச் சோதிக்கப் போனார். தாளில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலால் வரைய வேண்டும். ஆனால், தாளை நேராகப் பார்க்கக்கூடாது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். வீட்டில் முயன்று பாருங்கள். கை எதிர்த்திசையில் ஓடும். மொலாய்சனும் முதல் நாள் திணறினார். இரண்டாம் நாள் பிழை குறைந்தது. மூன்றாம் நாள் நன்றாகவே வரைந்தார். ஆனால், ஒவ்வொரு முறையும் இந்த வேலையை இதற்கு முன்பு செய்ததே இல்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மனிதருக்கு நினைவில்லை; அவருடைய கை மட்டும் கற்றுக்கொண்டிருந்தது. பெயர், நிகழ்ச்சி, முகம் ஆகியவற்றைச் சேமிக்கும் வழி வேறு. செயலைச் சேமிக்கும் வழி வேறு என்பது அந்த மூன்று நாளில் புலப்பட்டது. மொலாய்சன் 2008-ஆம் ஆண்டு, 82 வயதில் காலமானார். அதுவரை அவர் பெயரை வெளியிடாமல் இரண்டு எழுத்துகளால் மட்டுமே குறிப்பிட்டு வந்தார்கள்.

நம் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளின் பெயரை மறந்துபோன பாட்டி, மடியில் மல்லிகையையும் நூலையும் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு பூக்கட்டுவார். அந்த வழி இன்னும் அவருக்குத் திறந்திருக்கிறது.

மூளைக்குள் வேலைப் பங்கீடு

புதிதாகக் கார் ஓட்டக் கற்ற நாளை நினைத்துப் பாருங்கள். கிளட்ச் எது, பிரேக் எது என்று ஒவ்வொன்றாக யோசித்தீர்கள். வானொலியைக்கூட அணைக்கச் சொன்னீர்கள். அந்த நேரத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி கடுமையாக உழைக்கிறது. கவனம், திட்டம், யோசனை எல்லாம் அதன் பொறுப்பு.

பிழையைத் திருத்துவது சிறுமூளையின் வேலை. பின்னந்தலைக்கு அடியில் இருக்கிறது. எடையில் மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால், மனித மூளையில் இருக்கும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி இந்தச் சிறுமூளையில்தான் இருக்கின்றன என்று 2009-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. கை போக வேண்டிய இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, அடுத்த அசைவைத் திருத்த அது உதவுகிறது.

மூளையின் அடியாழத்தில் சில நரம்புத் திரள்கள் உண்டு. தனித்தனி அசைவுகளை ஒரே தொடராகக் கோத்துப் பழக்கமாக்குவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. பார்க்கின்சன் நோயில் கெடுவது இந்தப் பகுதிதான். அதனால்தான் அந்நோயாளிகளுக்குச் சட்டைப் பொத்தான் போடுவது போன்ற, யோசிக்காமல் செய்து வந்த வேலைகூடச் சிக்கலாகிவிடுகிறது.

கடைசியாக, தலையின் உச்சியிலிருந்து காதை நோக்கி ஒரு பட்டை போல இறங்கும் இயக்கப் பகுதி. கைக்கும் காலுக்கும் உத்தரவு இங்கிருந்து போகிறது. உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் இதில் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. விரல்களுக்கும் முகத்துக்கும்தான் பெரிய இடம். அந்த ஒதுக்கீடு நிலையானதும் அல்ல. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், பியானோ வாசித்துப் பழக்கமில்லாதவர்களை நாளுக்கு இரண்டு மணி நேரம், ஐந்து நாட்கள் ஐந்து விரல் பயிற்சி செய்ய வைத்தார்கள். அந்த விரல்களை இயக்கும் இடம் மூளையில் விரிந்திருந்தது. விரலை அசைக்காமல் மனத்தால் மட்டும் வாசித்துப் பார்த்த இன்னொரு குழுவினருக்கும் அந்த இடம் விரிந்திருந்தது. வாசிப்பில் அவர்கள் சற்றுப் பின்தங்கியிருந்தாலும், மூளை வேலை செய்திருந்தது. கையை இன்னும் அசைக்க முடியாமல் படுத்திருப்பவருக்கு இது நல்ல செய்தி அல்லவா?

பயிற்சி முடிந்த பிறகு நடப்பது

நேயர்களே, நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம் இதுதான். பயிற்சி முடிந்ததும் கை ஓய்ந்துவிடுகிறது. மூளை ஓய்வதில்லை.

1997-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், ஓர் இயந்திரக் கைப்பிடியைப் பிடித்து நகர்த்தும் பயிற்சியை ஆட்களுக்குக் கொடுத்து, அவர்களின் மூளையைப் படம் எடுத்தார்கள். சுமார் ஆறு மணி நேரம் கழித்து மீண்டும் அதே வேலை, மீண்டும் படம். நடுவில் அவர்கள் பயிற்சி எதுவும் செய்யவில்லை. வேலையை முன்பு போலவே செய்தார்கள். ஆனால், அதைச் செய்ய மூளை வேறு பகுதிகளைப் பயன்படுத்தியது. தொடக்கத்தில் முன்பகுதி பார்த்த வேலையை, பின்னர் இயக்கத்துக்கு உதவும் பகுதிகளும் சிறுமூளையும் எடுத்துக்கொண்டிருந்தன. யோசித்துச் செய்தது பழக்கமாக மாறும் வழியில் இருந்தது.

அடுத்தது தூக்கம். 2002-இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், குறிப்பிட்ட வரிசையில் விரல்களால் விசைகளைத் தட்டும் பயிற்சியைச் சிலருக்குக் கொடுத்தார்கள். காலையில் பயின்றவர்கள் அன்று இரவு சோதிக்கப்பட்டபோது குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகு சோதித்தால், வேகம் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியிருந்தது. அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்பதில் பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் மாறுபடுகிறார்கள். ஆனாலும், கற்ற செயலை நிலைநிறுத்துவதில் தூக்கத்துக்குப் பங்கு உண்டு என்பதற்குப் பல ஆய்வுகள் துணை நிற்கின்றன.

நம் பிள்ளைகளுக்கு வருவோம். பரத நாட்டிய அரங்கேற்றம், மிருதங்கப் போட்டி, பூப்பந்துப் போட்டி என்றால் என்ன செய்கிறோம்? முன்தினம் இரவு பதினொன்று, பன்னிரண்டு மணி வரை பிள்ளையை நிறுத்தி வைத்து, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்கிறோம். களைத்த பிள்ளை பிழையோடு செய்கிறது. அந்தப் பிழையையும் மூளை கற்றுக்கொள்ளும் என்பதை மறந்துவிடுகிறோம். ஒரே இரவில் ஐந்து மணி நேரம் செய்வதைக் காட்டிலும், ஐந்து நாளுக்கு ஒரு மணி நேரம் செய்துவிட்டு ஐந்து இரவும் நன்றாகத் தூங்குவது மேல்.

வளர்வதும் சுருங்குவதும்

2004-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இளைஞர்களுக்கு மூன்று பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வித்தையை மூன்று மாதங்கள் பழக வைத்தார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்தார்கள். நகரும் பொருளைக் கண்ணால் தொடர உதவும் பகுதி சற்றுத் தடித்திருந்தது. பிறகு மூன்று மாதம் பந்தைத் தொடாமல் இருக்கச் சொன்னார்கள். தடித்த பகுதி பெருமளவு சுருங்கிவிட்டது.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்கும் வழக்கம் நமக்கு உண்டு. 2008-இல் அறுபது வயதை ஒட்டியவர்களிடம் இதே பந்து வித்தையைச் சோதித்தார்கள். இளைஞர்கள் அளவுக்கு எல்லாரும் தேறவில்லை என்பது உண்மை. ஆனாலும், அந்த மூளைகளிலும் வளர்ச்சி தெரிந்தது. ஐம்பதில் வளையும், சற்று மெதுவாக வளையும்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2009-இல் கலிஃபோர்னியாவில், எலிகளுக்கு முன்னங்காலால் விதையை எட்டி எடுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி தொடங்கிய ஒரு மணி நேரத்திலேயே நரம்பணுக் கிளைகளில் சின்னஞ்சிறு முளைகள் புதிதாகத் தோன்றின. பயிற்சி நின்று பல மாதங்கள் ஆன பின்னும், அவற்றில் ஒரு பகுதி மறையாமல் இருந்தது. இருபது ஆண்டுகள் சைக்கிளைத் தொடாதவர் மீண்டும் ஏறினால், நான்கு அடி தள்ளாடிவிட்டு ஓட்டத் தொடங்குகிறாரே, அதற்கான காரணத்தின் ஒரு நுனி இங்கே தெரிகிறது.

அன்பு செய்த தவறு

இப்போது என் தந்தையாரிடம் திரும்பி வருகிறேன். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் என் தாயார் அவருக்குச் சோறு ஊட்டினார். அண்ணன் சட்டை மாட்டிவிட்டார். நான் மாலையில் வேலை முடிந்து வந்து, தலை சீவி, முகம் துடைத்து, தேநீரை வாயருகே கொண்டு போவேன். வலது கையில் விரல்கள் இலேசாக நீட்டி மடக்கும் அளவுக்கு அசைவு திரும்பியிருந்தது. ஆனால், அதற்கு வேலையே இல்லை. பகலெல்லாம் மற்றவர்களின் வீட்டாரிடம், "அவரையே செய்ய விடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறவள் நான். என் வீட்டில் அதைச் செய்யவில்லை. அவர் சிரமப்படுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. மூன்று மாதம் இப்படியே போனது.

அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டவுப் இந்த நிலையைப் பற்றித்தான் ஆராய்ந்தார். பாதிக்கப்பட்ட கையால் முதலில் முயன்று தோற்றவர், நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிக்கொள்கிறார். பிறகு மூளை ஓரளவு தேறினாலும், அந்தக் கையைப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தாமல் இருப்பதும் ஒரு பழக்கமாகக் கற்றுக்கொள்ளப்படுகிறது. இதற்கு அவர் கண்ட வழி, நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையை வேலை செய்ய வைப்பது. 2006-இல் வெளியான பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேர் கலந்துகொண்டனர். இரண்டு வாரம் இந்தச் சிகிச்சை பெற்றவர்களின் கை, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களின் கையைவிட நன்றாகத் தேறியது. ஓராண்டுக்குப் பிறகும் அந்தப் பலன் நிலைத்தது.

இது எல்லாருக்கும் ஏற்றதன்று. விரலிலும் மணிக்கட்டிலும் ஓரளவு அசைவு மீந்திருக்க வேண்டும். யாருக்கு எப்போது, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரும் சிகிச்சையாளரும்தான் சொல்ல வேண்டும். நீங்களாகக் கையைக் கட்டிப் போட்டுவிடாதீர்கள்.

நாங்கள் வீட்டில் செய்தது எளிய ஏற்பாடு. நாளுக்கு நான்கு வேளை, வேளைக்குக் கால் மணி நேரம். அந்த நேரத்தில் வலது கை மட்டும்தான். முதலில் மேசையில் இருக்கும் துண்டைத் தள்ளுவது. பிறகு பிளாஸ்டிக் குவளையைப் பிடிப்பது. பிறகு அதில் கால் பங்கு தண்ணீர். மதியம் ஒரு சிறு தூக்கம். தண்ணீர் கொட்டும், துடைப்போம். என் தாயார் பக்கத்து அறைக்குப் போய்விடுவார். பார்த்தால் ஓடிப் போய்ப் பிடித்துவிடுவோம் என்று அவருக்கே தெரியும்.

நான்காம் மாதம் அரைக் குவளைத் தேநீரைத் தானே குடித்தார். ஒரு நாள், பரண்மீது சாக்கில் சுற்றி வைத்திருந்த அவருடைய பால் வெட்டும் கத்தியை எடுத்து வந்து கொடுத்தேன். கை தானாகவே ஞாபகப்படுத்திக்கொள்ளும் என்று எனக்கு ஓர் ஆசை. இடது கையால் வலது கை விரல்களை மடக்கி அதைப் பிடித்துப் பார்த்தார். கத்தி நழுவி மடியில் விழுந்தது. "இது வேற வேலைம்மா. மொதல்ல கிளாசு முடியட்டும்" என்றார். ஒவ்வொரு செயலையும் மூளை தனித்தனியே மீட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் புத்தகத்தில் படித்ததை, அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். கத்தியை அவர் மறுபடி பிடிக்கவே இல்லை. ஆனால், தன் சட்டைக்குத் தானே பொத்தான் போட்டுக்கொண்டார். தன் கையால் சோறு உண்டார்.

நெஞ்சில் நிறுத்த வேண்டியவை

நிறைவாக, வீட்டுக்கு எடுத்துச் செல்ல மூன்று செய்திகளை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன்.

ஒன்று, கொஞ்சமாகச் செய்யுங்கள், நாள்தோறும் செய்யுங்கள். இடையிடையே ஓய்வு கொடுங்கள். ஓய்விலும் மூளை கற்கிறது.

இரண்டு, தூக்கத்தைத் திருடாதீர்கள். நாட்டியம் பழகும் பிள்ளைக்கும் நடை பழகும் தாத்தாவுக்கும் இது பொருந்தும்.

மூன்று, செய்ய முடிந்ததை அவரையே செய்ய விடுங்கள். நீங்கள் ஊட்டும் ஒவ்வொரு கவளமும் அன்புதான். ஆனால், அவருடைய மூளைக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பயிற்சியை அது எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருங்கள். விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி, கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நில்லுங்கள். பழக்கம் இல்லாதவர்களுக்கு அதுவும் கடினமான வேலைதான். எனக்கு அதைக் கற்க மூன்று மாதம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக்கூடாது என்பதற்காகவே இங்கு வந்து பேசினேன்.